கிழக்குக் காட்டு மண்

டோக்கனில் அறுபத்து நான்கு என்று போட்டிருந்தது. சாந்தாமணி அதை மூன்றாவது தடவையாக விரித்துப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க நம்பர் மாறிவிடும் என்பது போல. மாறவில்லை. மண் பரிசோதனை வண்டிக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண், மாணவிதான், இருபது இருபத்தொன்று இருக்கும், பெனிட்டா என்று கழுத்து அட்டை சொன்னது, மண் பையை இரண்டு கையாலும் வாங்கினாள். அதுதான் சாந்தாமணிக்கு உறுத்தியது. ஒரு கையால் வாங்கி ஓரமாகப் போட்டிருந்தால் இவ்வளவு இருந்திருக்காது. படித்த பெண், வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், அரைக் கிலோ மண்ணை அத்தனை மரியாதையாக வாங்கினால் குற்றமுள்ளவள் என்ன செய்வாள். "எத்தனை இடத்துலம்மா தோண்டி எடுத்தீங்க?" என்று அவள் கேட்டபோது சாந்தாமணி வாயைத் திறப்பதற்குள் புருசன் நாச்சிமுத்து முந்திக்கொண்டு, "பதினஞ்சு எடத்துல அம்மணி, நானே வரப்புல நின்னு பாத்தனுங்க, சாணாழத்துக்குக் குழி, ஒண்ணு கொறையாம எடுத்தா" என்று சாட்சி சொல்லிவிட்டார். பொய்யில்லை. அவர் பார்த்தது உண்மைதான். பார்க்காமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. பெனிட்டா படிவத்தில் எழுதிக்கொண்டாள்: கிழக்குக் காடு, புஞ்சை ஒன்றரை ஏக்கர், உரிமையாளர் பெயர் சாந்தாமணி. "ஒன்றரை மணி நேரம் ஆகும்மா, அதுக்குள்ள கண்காட்சியைச் சுத்திப் பாத்துட்டு வந்துருங்க." ஒன்றரை மணி நேரம். அந்தப் பைக்குள் இருந்தது கிழக்குக் காட்டு மண்ணே இல்லை என்பது இந்த உலகத்தில் சாந்தாமணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் முறைப்படிதான் ஆரம்பித்தாள். கண்காட்சி நோட்டீஸில் போட்டிருந்ததை வரி வரியாகப் படித்து, மேல் சருகைத் தள்ளி, மண்வெட்டியால் சாய்வாக இரண்டு வெட்டு வெட்டி, குழியின் பக்கச் சுவரில் இருந்து மேலிருந்து கீழாகச் சுரண்டி, பதினைந்து இடத்து மண்ணையும் சாக்கில் கொட்டிக் கலந்து, குவித்து, நாலாகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவித்து, மறுபடி பகுத்து. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. எத்தனை அழகாக யோசித்திருக்கிறார்கள், ஒன்றரை ஏக்கரை அரைக் கிலோவாக்க. கடைசியில் சாக்கில் மிஞ்சியதைப் பார்த்தாள். சாம்பல் நிறம். அங்கங்கே வெள்ளைப் பொருக்கு. விரலில் எடுத்து நாக்கில் வைக்காமலே உப்பு என்று தெரிந்தது. நாச்சிமுத்து டீ குடிக்க ரோட்டுக் கடைக்குப் போயிருந்தார். இதைக் கொண்டுபோய்ப் படித்தவர்கள் முன்னால் வைப்பதா என்று ஒரு நினைப்பு வந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை வாராமல் மகளை நிறுத்துவது மாதிரி. அவ்வளவுதான், சாக்கை உதறி அந்த மண்ணை அந்தக் காட்டிலேயே கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, புறக்கடையில் கத்தரியும் கீரையும் போட்டிருக்கும் பாத்தியில், இருபது வருடமாகச் சாணியும் சாம்பலும் அரிசி கழுவின தண்ணீரும் குடித்த அந்தக் கறுப்புப் பாத்தியில், அரைக் கிலோ அள்ளிப் பையில் கட்டினாள். எரு போட்ட இடத்தில் எடுக்கக் கூடாது என்று நோட்டீஸில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கே எடுக்கக் கூடாது என்று போட்டிருந்ததோ நேராக அங்கேயே போயிருக்கிறாள் மகராசி.

பேச்சு அப்படி ஆகிப்போயிருந்தது. பக்கத்து ஊர் நூல் குடோன்காரன் கிழக்குக் காட்டை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை வந்துவிட்டான். வியாழக்கிழமை மறுபடி வருகிறான். நாச்சிமுத்து ஒன்றும் பிடிவாதக்காரர் இல்லை, அதுதான் கஷ்டமே, பிடிவாதம் பிடித்தால் எதிர்த்தாவது நிற்கலாம். அவர் சோற்றுத் தட்டில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "பல்கலைக்கழகத்துல மண்ணைப் பாத்து ஆகும்னு எழுதிக் குடுத்தாங்கன்னா வெச்சுக்கலாம், ஆகாதுன்னா வியாழக்கெழமயே பேசி முடிச்சர்லாம், செரிதானா?" என்றார். இவள் "செரிங்" என்றாள். இருபத்தாறு வருடமாக எதைக் கேட்டாலும் அந்தச் செரிங்தான். சம்மதம் என்றாலும் அதே, வயிறு எரிந்தாலும் அதே.

வேளாண் பல்கலைக்கழகத்து மரங்கள் எல்லாம் நூறு வயசு மரங்கள். அடியில் பந்தல் பந்தலாக ஸ்டால் போட்டிருந்தார்கள். கோயமுத்தூருக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு, துணிக்கடைக்கு, ஆனால் இந்தக் கேட்டுக்குள் வந்ததில்லை. இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது. வாழையில் மட்டும் நாற்பது ரகம், குலை குலையாகக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர்ச் சீட்டு. விரல் பருமனில் ஒன்று, முழங்கையளவு ஒன்று, செக்கச் செவேல் என்று ஒன்று. சாமந்தி நாற்று ஒரே உயரத்தில், அளவெடுத்து வெட்டின மாதிரி, தட்டுத் தட்டாக. தென்னை நாரில் மண்ணே இல்லாமல் முளைத்து நிற்கிற மிளகாய்க் கன்றை ஒரு மாணவன் குழித்தட்டில் இருந்து உருவிக் காட்டினான், வேர் வெள்ளை நூலாகச் சுற்றியிருந்தது. வெள்ளையிலும் எத்தனை விதம். இந்த வெள்ளை உயிர், அந்தக் காட்டு வெள்ளை பொருக்கு. மேலே டிரோன் ஒன்று தண்ணீரைப் பூவாகத் தூவிக்கொண்டு போனது, ஜனம் முழுக்க வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றது, நாச்சிமுத்து எல்லோருக்கும் முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் அகலமாகவே பிளந்தார். அவருக்கு இங்கே வந்தால் குழந்தைக் குணம் வந்துவிடும் போல. களையெடுக்கும் மிசின் ஸ்டாலில், "ஏனுங்க, இது கல்லுக்காட்டுல ஓடுமுங்களா, கரையோரம் திரும்புமுங்களா" என்று விற்பவனையே மூச்சு வாங்க வைத்தார், நீட்டின நோட்டீஸை எல்லாம் வாங்கி மடித்து மஞ்சப் பையில் திணித்தார். "நீ போய்ச் செடியப் பாரு, நான் இதைக் கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார். அந்த மனுசனுக்கு முன்னால் பொய் சொல்வது சுலபம் என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

செடியைத்தான் பார்த்தாள். பார்க்காமல் எப்படி இருப்பது. ஒட்டு மா, குட்டையாக, அதற்குள் பூ. கொய்யாவில் சிவப்புச் சதை ரகம், அறுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள், ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள், தேன். எலுமிச்சை இலையைக் கசக்கி முகர்ந்தாள். உடனே வாங்கிவிட வேண்டும் என்று கை பரபரத்தது, கை பரபரத்த அதே நொடியில் அந்தக் கன்று கிழக்குக் காட்டில் நிற்பதும் தெரிந்தது. முதல் மாதம் தெளிவாக நிற்கும். இரண்டாம் மாதம் இலை ஓரம் கருகும், தீக்குச்சி பட்ட மாதிரி. அப்புறம் ஒவ்வொரு இலையாக. முருங்கை அப்படிப் போனது. தென்னை நட்டு இரண்டு வருடம் மஞ்சளாகவே நின்று போனது. தண்ணீர் விடாமலா, ராத்தூக்கம் கெட்டு விட்டாளே. விட விட உப்புத்தான் மேலே வந்து பூத்தது. "உன்ற காட்டுல உப்பு வெளையுதே, மூட்டை கட்டிப் போட்டா சந்தையில வித்துரலாம்" என்று பக்கத்துத் தோட்டத்து ருக்குமணி சிரித்தபோது இவளும் கூடச் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அம்மிக்கல்லைத் தேவையில்லாமல் கழுவினாள். இப்போது அந்தப் பெண் பெனிட்டா அங்கே கண்ணாடிக் குழாயில் பாத்தி மண்ணைக் கரைத்துக் குலுக்கிக்கொண்டிருப்பாள். நல்ல மண் என்று எழுதுவாள். காட்டை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு? நல்ல மண்ணுக்கு என்று எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டுபோய் உப்பில் நட வேண்டும். காகிதம் ஜெயிக்கும், கன்று சாகும். இத்தனை யோசனை மண் எடுத்த சனிக்கிழமை ஏன் வரவில்லை. சனிக்கிழமை அவளுக்கு மானம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

அடுத்த ஸ்டாலில் கத்தரிச் செடி. கத்தரியில் என்ன பார்க்க இருக்கிறது என்று தாண்டப் போனவளை அங்கே இருந்த அம்மா கூப்பிட்டு நிறுத்தி, "அடியைப் பாருங்க" என்றாள். அடித்தண்டில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குக் கீழே சுண்டைக்காய்ச் செடி, மேலே கத்தரி. சுண்டை எந்த மண்ணிலும் வேர் ஓட்டும், நோய்க்கு அசையாது, அதன் வேரில் கத்தரியை ஏற்றி ஒட்டிவிட்டார்களாம், மூன்று வருடம் காய்க்குமாம். சாந்தாமணி குனிந்தே நின்றாள். அந்த முடிச்சை விரலால் தொட்டாள், சின்னத் தழும்பு, அவ்வளவுதான். அடியில் இருப்பது ஒன்று, மேலே காட்டுவது ஒன்று, ஆனால் ஏமாற்று இல்லை, எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். நான் செய்ததும் ஒட்டுத்தானே என்று மனசு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தது. நல்லதைக் கெட்டதன் மேல் ஒட்டினேன். இல்லை, அது ஒட்டு இல்லை, அது திருட்டு, இத்தனை கெட்டிக்காரர்கள் மத்தியில் நின்றுகொண்டு உனக்கு நீயே பூச்சுற்றாதே என்று அதே மனசு திருப்பியும் அடித்தது. அந்த அம்மாவிடம், "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். நிஜமாகவே சொன்னாள். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, இந்த வேர் நல்லது, அந்தக் காய் நல்லது, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று யோசித்திருக்கிறார்களே, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று இருந்தது.

கிழக்குக் காடு மட்டும் அவள் பெயரில் இருந்தது. குடியிருக்கும் வீடு மாமனார் பெயரில், தோட்டம் நாச்சிமுத்து பெயரில், ரேசன் கார்டில் குடும்பத் தலைவி என்று அவள் போட்டோ இருந்தாலும் அதை யார் மதித்தார்கள். அப்பா கடைசிக் காலத்தில் இரண்டு மகன்களுக்கும் கிணற்றுப் பாசனத் தோட்டத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மகளுக்கு ஏதாவது என்று யோசித்தபோது அண்ணன்கள் இருவரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்ட இடம் அதுதான், அவர்களுக்கே வேண்டாத இடம். கையெழுத்துப் போட்டுவிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அப்பா, "மண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி சாமி, கோவிச்சுக்காத" என்றார். கோபமே வரவில்லை. பட்டா வந்த அன்று தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள், சா, ந், தா. பத்தாவது வரை படித்தவள்தான், ஆனாலும் அப்படித்தான் படித்தாள். அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது பேச்சு முற்றினால் சத்தமில்லாமல் நடந்து போய் அந்தக் காட்டு வரப்பில் கால் மணி நேரம் நிற்பாள். ஒன்றும் விளையாத காட்டில் என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நிற்கிறேன். என் இடத்தில் நிற்கிறேன். இதை எப்படி நாச்சிமுத்துவிடம் சொல்வது. மோட்டார் ரிப்பேர், பால் கணக்கு, மகள் போன் பண்ணினாளா என்று பேசிப் பேசி இருபத்தாறு வருடம் ஓடின வாயில் இந்தப் பேச்சு நுழையுமா. வேண்டும் என்ற சொல்லையே அவள் உப்பு வேண்டும், புளி வேண்டும் என்பதற்கு மேல் உபயோகித்ததில்லை.

வெயிலுக்கு ஒதுங்கத்தான் அந்தக் கட்டடத்துக்குள் போனாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவர் நெடுக ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பூமியை மேலிருந்து கீழாக அப்படியே வெட்டி எடுத்து நிறுத்தியிருந்தார்கள். கரிசல், செம்மண், வண்டல், தேரிமணல். மேலே புல் வேர்கூடக் கலையாமல், கீழே போகப் போக நிறம் மாறி, கடைசியில் பாறை. கிணறு வெட்டும்போது பார்த்திருக்கிறாள், ஆனால் அதை நிற்க வைத்து விளக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை. கோயில் பிராகாரம் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே வந்தவள் ஏழாவது பெட்டி முன்னால் சட்டென்று நின்றாள். சாம்பல் நிறம். மேலே வெள்ளைப் பொருக்கு. வெடிப்பு விட்டிருந்த விதம்கூட அதே. உவர் நிலம் என்று சீட்டு எழுதியிருந்தது, பக்கத்தில் சின்ன எழுத்தில் அதன் குணம், அது உண்டான விதம், எத்தனை அடிக்கு எத்தனை உப்பு. யாரோ அதையும் தோண்டியிருக்கிறார்கள். யாரோ அந்த வெள்ளைப் பொருக்கு உதிராமல் எடுத்துவந்து, கண்ணாடிக்குள் வைத்து, தினமும் தூசு துடைக்கிறார்கள். கரிசலுக்கு எத்தனை பெரிய பெட்டியோ இதற்கும் அத்தனை பெரிய பெட்டி. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று, "ச்சே, எவ்ளோ அழகா இருக்குல்ல இது" என்று செல்போனில் படம் எடுத்தார்கள். சாந்தாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் போய் மறைத்தேனே. நோயாளியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் வருகிறவள், வழியில் வேறு யாரையோ நாடி பார்க்க உட்கார வைத்தேனே. சொல்லிவிட வேண்டும், காடு போனாலும் போகட்டும், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெளியே வந்தாள். வெளியே வந்ததும், காடு போனாலும் போகட்டும் என்று நினைத்தாயே, நிஜமாகவா என்று ஒரு கேள்வி வந்தது. கால் மட்டும் வண்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். மஞ்சப் பை நோட்டீஸால் உப்பியிருந்தது. அறுபத்து நான்கு என்று கூப்பிட்டதும் பெனிட்டா எழுந்தே நின்றுவிட்டாள். "அம்மா, நேத்தும் இன்னைக்கும் இத்தனை மண்ணு பாத்தேன், இதுதான்மா இருக்குறதுலேயே நல்ல மண்ணு. அங்ககச் சத்து எவ்வளவு இருக்கு பாருங்க. எங்க சார்கூட வந்து பாத்துட்டு, இதை வெச்சிருக்கவங்க கை நல்ல கைன்னு சொன்னாரு." சாந்தாமணிக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக ஏறின. இருபது வருடச் சாணி, இருபது வருடக் கழுநீர், யாரும் ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்க்காத புறக்கடைப் பாத்தி, அதைப் படித்தவர் ஒருத்தர் பார்த்து நல்ல கை என்று சொல்லிவிட்டார், அந்தச் சொல்லைக்கூட அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நாச்சிமுத்து காகிதத்தை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார், ஒரு இடத்தில் விரல் நின்றது, அங்கேயே வெகுநேரம் நின்றது. இவள் மூச்சை இழுத்து, பெனிட்டாவிடம், "கண்ணு, நான் ஒண்ணு சொல்லோணும், அந்த மண்ணு வந்து" என்று ஆரம்பித்தாள்.

"சித்த இரு" என்றார் நாச்சிமுத்து. காகிதத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஏனுங்க அம்மணி, உவர் மண்ணுல என்ன வெச்சா வருமுங்க?" என்று கேட்டார்.

பெனிட்டா குழம்பிப்போய், "உங்க மண்ணுல உப்பே இல்லைங்கய்யா. இங்க பாருங்க, எவ்வளவு கம்மியா இருக்கு" என்று பேனாவால் காட்டினாள்.

"இங்க இல்லீங்க. காட்டுக்குப் போனா இருக்கும்."

பெனிட்டா அவரைப் பார்த்தாள். பிறகு சாந்தாமணியைப் பார்த்தாள். சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள், காதெல்லாம் சுட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை, தெற்றென்று புரிந்துகொண்டு வேறொரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். முதலில் வடிகால் வெட்டுங்கள், மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பை இறக்குங்கள், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுங்கள், இரண்டு வருடம் பொறுங்கள், அப்புறம் நெல்லி வையுங்கள், இலந்தை வையுங்கள், அதுக்கு முன்னால் நிஜ மண்ணைக் கொண்டுவாருங்கள் என்று வெறும் பை ஒன்றையும் நீட்டினாள். நாச்சிமுத்து ஒவ்வொன்றுக்கும், "பூவுல மடக்கி உழுவோணும், செரிங், ரெண்டு வருசம், செரிங்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டார்.

மரத்தடிக்கு வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "அந்தக் காட்டுல நான் இருவது வருசம் ஏர் ஓட்டியிருக்கேன். ஒரு காயிதம் சொல்லியா எனக்கு அந்த மண்ணு தெரியோணும்?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது. "நீயும் சலிச்சுப் போயிட்டன்னுதான் விக்கலாம்னேன். திருடற அளவுக்கு அது உனக்கு வேணும்னு யாரு கண்டா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அழுகைதான் வந்தது, ஊர் ஜனம் எல்லாம் மரக்கன்றும் பையுமாகப் போகிற பாதையில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்துவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து செல்போனை எடுத்து, குடோன்காரன் நம்பரைத் தேடி அழுத்தி, அவள் கையில் கொடுத்தார்.

"வியாழக்கெழம வர வேண்டாம்னு சொல்லிப்போடு. உன்ற காடு. நீயே சொல்லு."

மணி அடித்தது. நாலாவது மணிக்கு அந்தப் பக்கம் எடுத்து, நாச்சிமுத்துவாக இருக்கும் என்று எண்ணி, "சொல்லுங்கண்ணா" என்றான் குடோன்காரன். சாந்தாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"அண்ணனில்லீங்க. கெழக்குக் காட்டுக்காரி பேசறேன்."